கையிருப்புத் திறன் யாருக்குச் சொந்தம்? டர்போ ஹேட்ச்பேக்கும் ‘ஸ்டேஜ்’ படிவரிசையின் வரலாறும்

ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. போன்ற ஒரு சிறிய டர்போ காரின் திறனைக் கூட்ட விரும்பும் உரிமையாளர், மியூனிக்கிலோ மும்பையிலோ எந்தப் பட்டறைக்குள் நுழைந்தாலும் அவர் காதில் விழும் சொற்கள் ஒன்றேதான்: ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2, ஸ்டேஜ் 3. முதல் படியில் எந்த உதிரிபாகமும் மாறுவதில்லை. எஞ்சினை ஆளும் கணினியில் உள்ள எண்கள் மட்டும் மாறுகின்றன. இரண்டாம் படியில் காற்று உள்ளே வரும் வழியும் புகை வெளியேறும் வழியும் அகலமாக்கப்படுகின்றன. மூன்றாம் படியில் டர்போவே கழற்றப்பட்டு அதனினும் பெரியது பொருத்தப்படுகிறது. இப்படிவரிசையை வகுத்தளித்த அரசோ தரநிர்ணய அமைப்போ இல்லை. ஆயினும் கண்டங்கள் கடந்து அது ஒரு பொதுமொழியாக நிலைபெற்றுவிட்டது.

இப்பொதுமொழிக்கு ஒரு வரலாறு உண்டு. தொழிற்சாலை தானே அச்சிட்டு வாடிக்கையாளரிடம் கொடுத்த கையேட்டில் தொடங்கி, தொழிற்சாலை பூட்டிவைத்த நிரலை வெளியார் திறப்பதில் வந்து நிற்கும் வரலாறு அது. இடைப்பட்ட காலத்தில் மாறியது தொழில்நுட்பம் மட்டுமன்று. ஒவ்வோர் எஞ்சினுக்குள்ளும் வடிவமைப்பாளர் ஒரு பகுதித் திறனைப் பயன்படுத்தாமல் விட்டுவைக்கிறார். அக்கையிருப்பு எங்கே உறைகிறது, அதைத் தொடும் உரிமை யாருக்கு என்பனவும் மாறின. இவ்விரு கேள்விகளையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பதே இவ்வரலாறு காட்டும் செய்தி.

இங்கிலாந்தின் எம்.ஜி. நிறுவனம் இரண்டாம் உலகப்போருக்குப் பின் விற்ற சிறு விளையாட்டுக் கார்களில் 1,250 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள ‘எக்ஸ்.பி.ஏ.ஜி.’ எஞ்சின் இருந்தது. அதன் திறன் ஏறத்தாழ 54 குதிரைத்திறன். அவ்வெஞ்சினுக்கென நிறுவனமே வெளியிட்ட ட்யூனிங் கையேடு, திறன் கூட்டும் வேலைகளை எண்ணிட்ட ‘ஸ்டேஜ்’களாகப் பிரித்துச் சொன்னது. அழுத்த விகிதத்தை எவ்வளவு உயர்த்தலாம், எவ்வகை வால்வும் கார்புரேட்டரும் வேண்டும், எந்த எரிபொருள் ஏற்றது என்பன படிப்படியாக விளக்கப்பட்டன. 1960களில் அபிங்டனில் இயங்கிய பி.எம்.சி. நிறுவனத்தின் சிறப்பு ட்யூனிங் பிரிவும் இதே முறையைப் பின்பற்றியது. மினி காரே இதற்குச் சிறந்த சான்று. 848 கன சென்டிமீட்டரில் 34 குதிரைத்திறன் தந்த அச்சிறு காரின் எஞ்சின், 1961இல் வந்த மினி கூப்பரில் 997 கன சென்டிமீட்டராகி 55 குதிரைத்திறன் தந்தது. அதற்கு மேலும் ஏற விரும்பியவர்க்குத் தொழிற்சாலையின் உதிரிபாகப் பட்டியல் திறந்தே இருந்தது.

அக்காலத்து எஞ்சின் வளிமண்டல அழுத்தத்தால் தானே உள்ளிழுக்கும் காற்றை மட்டும் நம்பியது. ஆகவே கூடுதல் திறன் ஒவ்வொன்றும் உலோகத்தில் செய்யும் வேலையால் மட்டுமே கிடைத்தது. சிலிண்டர் தலையை இழைக்க வேண்டும். காற்றுத் துளைகளை மெருகிட வேண்டும். கேம்ஷாஃப்டை மாற்ற வேண்டும். ஐந்து குதிரைத்திறனுக்கு ஒரு வாரக் கூலி செலவானது. கையிருப்பு உலோகத்தில் இருந்தது. அதை எடுக்க உளியும் அரமும் கடைசல் இயந்திரமும் தேவைப்பட்டன. அவற்றைக் கையாளத் தெரிந்தவரே உரிமையாளர் என்ற எண்ணத்தின்மீதுதான் அக்கையேடு எழுதப்பட்டது.

டர்போ இந்தக் கணக்கைத் தலைகீழாக்கியது. அதன் மூலக் கருத்து எளியது. எரிந்து முடிந்த புகை வெப்பத்தையும் விசையையும் சுமந்துகொண்டு வீணே வெளியேறுகிறது. அப்புகையால் ஒரு சுழலியைச் சுற்றி, அதே அச்சில் உள்ள மற்றொரு சுழலியால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தினால், சிறிய எஞ்சின் பெரிய எஞ்சினைப் போல் மூச்சுவிடும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி இதற்கான காப்புரிமையை 1905இல் நாடினார். 1918இல் அமெரிக்காவின் பைக்ஸ் மலையில், 14,000 அடி உயரத்தில், ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் சான்ஃபோர்ட் மாஸ் டர்போ பொருத்திய விமான எஞ்சினைச் சோதித்தார். மெல்லிய காற்றில் எஞ்சின் இழந்த திறனை மீட்டுக் கொடுப்பதே அன்று டர்போவின் பணி. இழப்பை ஈடுகட்ட வந்த கருவி பின்னரே மிகையை உண்டாக்கும் கருவியாயிற்று.

சாலைக் கார்களுக்கு டர்போ 1962இல் அமெரிக்காவில் வந்தது. செவர்லே கோர்வேர் மான்சா ஸ்பைடரும் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரும் அவ்வாண்டு வெளிவந்தன. ஜெட்ஃபயரின் கதை பின்வந்த எல்லா ட்யூனர்களுக்கும் பாடமாகும். அழுத்தப்பட்ட காற்று சூடேறும்; சூடேறிய காற்றும் எரிபொருளும் கலந்த கலவை, தீப்பொறியால் பரவும் தீ வந்து சேருமுன் தானே வெடிக்கும். பட்டறை வழக்கில் ‘நாக்கிங்’ எனப்படும் இத்தட்டல் பிஸ்டனையே தின்றுவிடும். இதைத் தடுக்க ஜெட்ஃபயரில் நீரும் மெத்தனாலும் கலந்த திரவம் சிறு தொட்டியில் வைக்கப்பட்டுக் காற்றோடு பீய்ச்சப்பட்டது. உரிமையாளர் பலர் அத்தொட்டியை நிரப்ப மறந்தனர். கார் தன் திறனைத் தானே குறைத்துக்கொண்டது. எஞ்சினின் எல்லை உலோகத்தின் வலிமையோடு மட்டும் முடிவதில்லை, உரிமையாளரின் பழக்கமும் அதில் அடங்கும் என்பதை அந்தச் சிறு தொட்டி காட்டியது. பிற்காலத் தொழிற்சாலைகள் கையிருப்பை விட்டுவைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஐரோப்பாவில் 1973இல் பி.எம்.டபிள்யூ. 2002 டர்போ 170 குதிரைத்திறனோடு அறிமுகமானது. எண்ணெய் நெருக்கடியும் அதே ஆண்டில் வந்து சேர்ந்ததால் 1,672 கார்களோடு அதன் உற்பத்தி முடிந்தது. அதையடுத்து 260 குதிரைத்திறன் கொண்ட போர்ஷே 911 டர்போ வந்தது. 1977இல் சுவீடனின் சாப் நிறுவனம் காட்டிய 99 டர்போ வேறொரு நோக்கம் கொண்டது. பந்தயத்துக்கு அன்றி அன்றாட ஓட்டத்துக்கு, குறைந்த வேகச் சுழற்சியிலேயே உதவும்படி அதன் டர்போ அமைக்கப்பட்டது. அழுத்தம் வரம்பைத் தாண்டும்போது புகையின் ஒரு பகுதியைச் சுழலியைச் சுற்றாமலே வெளியே திருப்பிவிடும் ‘வேஸ்ட்கேட்’ கதவு இதற்குத் துணைநின்றது.

ட்யூனிங்கின் வரலாற்றில் இக்கதவுக்குத் தனி இடம் உண்டு. ஒரு வில்சுருள், ஒரு மெல்லிய சவ்வு, ஒரு ரப்பர்க் குழாய்: அதன் உறுப்புகள் இவ்வளவே. எஞ்சின் எவ்வளவு காற்றுப் பெறலாம் என்பதை முடிவு செய்தவை இவைதாம். ஒரு கிராம் பெட்ரோல் முழுதும் எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். காற்று கூடினால் எரிபொருள் கூடலாம், எரிபொருள் கூடினால் திறன் கூடும். அக்குழாயில் வரும் அழுத்தத்தைச் சிறிது கசியவிட்டால் கதவு தாமதமாகத் திறக்கும். எம்.ஜி. கையேட்டுக் காலத்தில் வாரக்கணக்கில் உலோகத்தை இழைத்துப் பெற்ற திறனை இப்போது ஒரு திருகைத் திருப்பிப் பெறலாம். கையிருப்பு உலோகத்திலிருந்து காற்றுக்கு இடம்பெயர்ந்தது.

‘ஹாட் ஹேட்ச்’ எனப்படும் வேகமான சிறு காரோடு டர்போ இணைந்தது இதற்குப் பின்னர்தான். 1975இல் ஃபிராங்ஃபர்ட்டில் காட்டப்பட்ட முதல் கோல்ஃப் ஜி.டி.ஐ. டர்போ இல்லாதது, 1.6 லிட்டர் எஞ்சினில் 110 குதிரைத்திறன் கொண்டது. 5,000 கார்கள் விற்றால் போதும் என்று கருதிய நிறுவனம், முதல் தலைமுறையில் மட்டும் நான்கரை லட்சத்துக்கும் மேல் விற்றது. டர்போவைச் சிறு காருக்குள் கொணர்ந்த பெருமை ரெனோவுக்கு உரியது. ஃபார்முலா 1 பந்தயத்தில் 1977இல் டர்போ எஞ்சினோடு நுழைந்து, அடிக்கடி புகைந்து நின்றதால் நகைப்புக்கு ஆளான அந்நிறுவனம், 1979இல் டிஜோனில் ழான்-பியேர் ழபூய் ஓட்டிய காரால் வென்றது. 1980இல் ரெனோ 5 டர்போ 160 குதிரைத்திறனோடு வெளிவந்து, மறு ஆண்டு மான்டே கார்லோ ராலியில் ழான் ரான்யோட்டியின் கைகளில் வெற்றி கண்டது.

அக்காரின் எஞ்சின் 1,397 கன சென்டிமீட்டராக இருந்தது தற்செயல் அன்று. டர்போ எஞ்சினின் கொள்ளளவை 1.4ஆல் பெருக்கியே பந்தய விதிகள் வகுப்பைத் தீர்மானித்தன. 1,397ஐ 1.4ஆல் பெருக்கினால் 1,956. இரண்டு லிட்டர் வகுப்புக்குள் அடங்கிவிடும். இத்தாலியில் இரண்டு லிட்டருக்கு மேற்பட்ட எஞ்சின்களுக்கு வரி மிகுதி என்பதால் ஃபெராரியே 1982இல் இரண்டு லிட்டருக்குட்பட்ட 208 டர்போவை உருவாக்கியது. அரசும் பந்தய அமைப்பும் எஞ்சினைக் கன அளவால் அளந்தன. டர்போ அவ்வளவுகோலுக்குப் பிடிகொடுக்காமல் வளர்ந்தது. இதே கதை கால் நூற்றாண்டு கழித்து இந்தியாவில் மீண்டும் நிகழ இருந்தது.

1985இல் வந்த ரெனோ 5 ஜி.டி. டர்போ, ஃபியட் ஊனோ டர்போ போன்றவை இத்தொழில்நுட்பத்தை நடுத்தர வர்க்க இளைஞரின் கைக்கு எட்டச் செய்தன. ஜி.டி. டர்போவில் 115 குதிரைத்திறன். எரிபொருள் செலுத்தியதோ பழைய கார்புரேட்டர். அழுத்தத் திருகைத் திருப்பியவர்க்குத் திறன் உடனே கிடைத்தது. ஆனால் கூடிய காற்றுக்கு ஏற்ப எரிபொருள் கூடாதபோது கலவை மெலிந்தது, வெப்பம் ஏறியது, தட்டல் தொடங்கியது. சிலிண்டர் தலையின் கேஸ்கட் எரிந்து, பிஸ்டன் உருகி, எஞ்சின் அடக்கமான கார்கள் பல. எம்.ஜி. கையேடு ஒவ்வொரு படியோடும் அதற்குரிய எரிபொருளையும் சொன்னது. திருகோடு எந்தக் கையேடும் வரவில்லை. படிவரிசை அறிவிலிருந்து பிரிந்த தருணம் இது.

அவ்வறிவைத் திரும்பக் கொணர்ந்தது மின்னணுவியல். எரிபொருள் செலுத்தலையும் தீப்பொறி நேரத்தையும் ஒரே கணினியில் இணைத்த பாஷ் மோட்ரானிக் அமைப்பு 1979இல் பி.எம்.டபிள்யூ. காரில் வந்தது. சாப் 1980களின் தொடக்கத்தில் அறிமுகப்படுத்திய ஏ.பி.சி. அமைப்பு, எஞ்சின் உடலில் பொருத்திய உணரியால் தட்டலைக் கேட்டு அழுத்தத்தைத் தானே குறைத்தது. எரிபொருளின் தரம் மாறினாலும் எஞ்சின் தன்னைக் காத்துக்கொண்டது. இவ்வளவு காற்றுக்கு இவ்வளவு எரிபொருள், இந்தச் சுழற்சியில் இந்தக் கோணத்தில் தீப்பொறி என்னும் முடிவுகள் எல்லாம் ஒரு சில்லில் எண் அட்டவணைகளாகப் பதிந்தன. அச்சில்லைப் பிடுங்கி வேறு அட்டவணை எழுதிய சில்லைச் செருகுவது புதிய தொழிலாயிற்று. 1990களின் பிற்பகுதியில் அழித்தெழுதக்கூடிய நினைவகமும், பழுதறிவதற்கென ஸ்டியரிங்குக்குக் கீழே சட்டம் கட்டாயமாக்கிய இணைப்புத் துளையும் வந்தபின் பெட்டியைத் திறக்கும் தேவையும் குறைந்தது. கையிருப்பு காற்றிலிருந்து எண்ணுக்கு இடம்பெயர்ந்தது.

எண்ணில் உறைந்த கையிருப்பு எவ்வளவு பெரிது என்பதை ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் 1.8 லிட்டர் டர்போ எஞ்சின் காட்டிக்கொடுத்தது. சிலிண்டருக்கு 5 வால்வு கொண்ட அவ்வெஞ்சின் 150, 180, 225 எனப் பல திறன்களில் விற்கப்பட்டது. 225 குதிரைத்திறன் வடிவத்தில் டர்போ பெரியது. ஆனால் 150க்கும் 180க்கும் இடையே உள்ளுறுப்புகளின் வேறுபாடு அதனினும் மிகச் சிறிது. விலைப்பட்டியலின் படிகளும் எஞ்சினின் படிகளும் ஒன்றல்ல என்பதை வாடிக்கையாளர் கண்டுகொண்டனர். ஸ்டேஜ் 1 என்பது நிறுவனம் விற்காமல் வைத்திருக்கும் படியை வெளியாரிடம் வாங்குவதே என்ற எண்ணம் இங்கே வேரூன்றியது.

இவ்வெண்ணம் பாதி உண்மை. நிறுவனம் விட்டுவைக்கும் கையிருப்பில் வணிகத் தந்திரம் உண்டு. விலையுயர்ந்த தன் மற்றொரு காரை மலிந்த காரிடமிருந்து காப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. ஆனால் அதே கையிருப்பில் கோடை வெயிலும், மலைப்பாதையும், தரங்குறைந்த பெட்ரோலும், எண்ணெய் மாற்ற மறக்கும் உரிமையாளரும், பத்தாண்டு ஓட வேண்டிய கியர்பெட்டியும், புகை வரம்புச் சட்டமும் கணக்கிடப்பட்டுள்ளன. இரண்டையும் பிரித்துக் காட்டும் கோடு நிரலில் எங்கும் எழுதப்படுவதில்லை. ட்யூனர் சோதனை மேசையில் சில மணிநேரம் காண்பதும், தொழிற்சாலை பல பருவங்களில் காண்பதும் வேறுவேறு எஞ்சின்கள் என்றே சொல்லலாம்.

ஏழாம் தலைமுறைக் கோல்ஃப் ஜி.டி.ஐ.யைக் கொண்டு இன்றைய படிகளை விளக்கலாம். தொழிற்சாலை தந்தது 220 குதிரைத்திறன். நிரல் மாற்றத்தால் மட்டும் 300ஐ நெருங்கலாம் என்று பட்டறைகள் விளம்பரம் செய்வது வழக்கம். எரிபொருளை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சுவதால் உள்ளே கலவை குளிர்கிறது. பழைய 911 டர்போவில் 6.5ஆக இருந்த அழுத்த விகிதம் இதில் 9.6ஆக உயர முடிந்ததற்கு அது முக்கியக் காரணம். இரண்டாம் படியில் டர்போவை ஒட்டிய புகைக்குழாயும் இன்டர்கூலரும் மாறுகின்றன. மூன்றாம் படியில் பலர் நாடுவது, 300 குதிரைத்திறன் கோல்ஃப் ஆர் காருக்கென அதே குழுமம் பயன்படுத்திய பெரிய டர்போவை. ஒவ்வொரு படி ஏறும்போதும் எல்லை வேறோர் உறுப்புக்கு நகர்கிறது: முதலில் கிளட்ச், பிறகு எரிபொருள் பம்பு, பிறகு கனெக்டிங் ராடு. படியின் விலை அந்தப் படியோடு முடிவதில்லை.

இரண்டாம் படியில் ஒரு பொதுநலக் கேள்வியும் ஒளிந்துள்ளது. டர்போவை ஒட்டிய அக்குழாயில்தான் நச்சுப்புகையைத் தணிக்கும் வினையூக்கி மாற்றி இருக்கிறது. அதைக் குறுக்குவதோ நீக்குவதோ புகையின் வழியை எளிதாக்கும். உரிமையாளர் பெறும் திறனுக்கு அவ்வழியே நடப்பவர் மூச்சால் விலை கொடுக்கிறார்.

சட்டத்துக்கும் நிரலுக்கும் இடையிலான மோதல் 2015இல் உச்சமுற்றது. செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்களின் நிரல் சோதனையின்போது மட்டும் தூய்மையாக நடந்துகொண்டதை அறிவித்தது. உலகெங்கும் சுமார் 1.1 கோடி கார்கள் இதில் சிக்கின. அடுத்த மாதமே, வாகன நிரலைப் பழுதறியவும், பழுதுபார்க்கவும், சட்டத்துக்குட்பட்டு மாற்றவும் உரிமையாளர் பூட்டைத் திறக்கலாம் என்று அந்நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்கீழ் விதிவிலக்கு அளிக்கப்பட்டது. ஓராண்டு கழித்து அது நடைமுறைக்கு வந்தது. பூட்டிய நிரல் பொதுநலனைக் காக்கும் என்ற வாதத்தைப் பூட்டியவர்களே குலைத்திருந்தனர். ஆனால் திறந்த நிரல் பொதுநலனைக் காக்கும் என்பதற்கும் அது சான்றாகிவிடவில்லை.

நடுவழிகளும் உண்டு. ஜெர்மனியில் ஒப்புதலற்ற மாற்றம் காரின் இயக்க அனுமதியையே செல்லாததாக்கக்கூடும். ஆனால் ஆய்வில் தேறிய மாற்றம் ஆவணத்தில் ஏறிச் சட்டப்படி நிலைக்கும். இத்தாலியின் அபார்த் நிறுவனம் ஃபியட் கார்களுக்கான மாற்றக் கருவிகளைப் பெட்டியாக விற்ற மரபை 2008இல் புதுப்பித்தது. 135 குதிரைத்திறன் கொண்ட அபார்த் 500ஐ 160ஆக உயர்த்தும் ‘எஸ்எஸ்ஸே’ தொகுப்பு மரப்பெட்டியில் வந்தது. எம்.ஜி. கையேட்டின் பேரன் என்று அதைச் சொல்லலாம்.

இந்தியாவில் டர்போ ஹேட்ச்பேக்கை வடிவமைத்ததில் வரிச்சட்டத்துக்குப் பெரும்பங்கு உண்டு. 2006 நிதிநிலை அறிக்கை, நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும் 1,200 கன சென்டிமீட்டருக்கு மிகாத பெட்ரோல் எஞ்சினும் உள்ள கார்களின் கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தது. 2013இல் வந்த போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. 1,197 கன சென்டிமீட்டர் டர்போவில் 105 குதிரைத்திறன் தந்தது. 2017இல் வந்த பலேனோ ஆர்.எஸ். 998 கன சென்டிமீட்டரில் 102 தந்தது; அதே எஞ்சின் ஐரோப்பாவில் 111. இத்தாலியில் ஃபெராரிக்கு நேர்ந்ததே இங்குச் சிறு காருக்கு நேர்ந்தது: அரசு கொள்ளளவை அளந்தது, திறன் காற்றின் வழியே வந்தது.

போலோவின் நிரலை மாற்றும் பட்டறைகள் பெருநகரங்களில் தோன்றின. அவற்றுக்கு இரு எல்லைகள் இருந்தன. ஒன்று எரிபொருள்: ஐரோப்பாவில் பொதுவாகக் கிடைப்பது 95 ஆக்டேன், இங்குச் சாதாரண பெட்ரோலுக்கு அப்போது விதித்திருந்த அளவு 91. மற்றொன்று, 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசைக்கென வகுக்கப்பட்ட ஏழு கியர் டி.எஸ்.ஜி. பெட்டி. எஞ்சினின் தொழிற்சாலை அளவு 175. இடையிலுள்ள 75தான் இந்திய ஸ்டேஜ் 1இன் முழு உலகம். அதைத் தாண்டினால் கிளட்ச் கணக்குக் கேட்கும்.

சட்டம் இதற்கிடையே இறுகியது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரள உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பொன்றை மாற்றி, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றின் விவரங்கள் தயாரிப்பாளர் தந்த மூல விவரங்களிலிருந்து மாறும்வண்ணம் வாகனத்தை மாற்றலாகாது என்று உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தம், அனுமதியற்ற மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என விதித்தது. ஆனால் சாலையில் நிறுத்தும் அலுவலரின் கண்ணுக்குப் படுவது சைலன்சரும் சக்கரமும் விளக்கும்தான். எண்ணில் நிகழ்ந்த மாற்றத்துக்கு வெளித்தோற்றம் இல்லை. உலோகக் காலத்துக்கு எழுதப்பட்ட மேற்பார்வை எண் காலத்துக் காரைச் சோதிக்கிறது. விளைவு இருமடங்கு தீங்கானது: நேர்மையாகச் சோதனைக்கு வர விரும்பும் பட்டறைக்கு வாசல் இல்லை, புகைவடிகட்டியை அறுத்தெறியும் பட்டறைக்குத் தடை இல்லை.

தொழில்நுட்ப வரலாற்று மாணவர்க்கு இங்கே ஆவணச் சிக்கலும் ஒன்று காத்திருக்கிறது. எழுபது ஆண்டுக்கு முந்தைய எம்.ஜி. கையேட்டை இன்றும் படிக்கலாம். எந்தப் படியில் என்ன மாறியது, ஏன் மாறியது என்பது அதில் தெளிவு. இன்றைய படிகளோ நிறுவனத்தின் மறைகுறியாக்கிய கோப்பிலும் பட்டறையின் வணிக இரகசியத்திலும் உறைகின்றன. கார் மறுபடி தொழிற்சாலை நிரலுக்குத் திருப்பப்பட்டால் நடந்ததற்குப் பெரும்பாலும் சான்றே எஞ்சாது. பழைய காரை இரண்டாவதாக வாங்கும் ஒருவருக்கும், விபத்தை ஆராயும் பொறியாளருக்கும், நாளைய வரலாற்றாளருக்கும் இவ்விழப்பு ஒன்றே. கையிருப்பைத் தொடும் உரிமை யாருக்கு என்ற கேள்விக்கு விடை எதுவாயினும், தொட்டவர் என்ன செய்தார் என்பதை எழுதிவைக்கும் கடமையை அவ்விடையிலிருந்து பிரிக்க இயலாது. அபிங்டனின் அச்சுக் கையேடு அக்கடமையை நிறைவேற்றியது. அதற்கு நிகரான ஒன்று எண் காலத்துக்கு இன்னும் எழுதப்படவில்லை.